இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே சார்!

போன மாதம் இடி இடித்த ஒரு ராத்திரியில் எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் செத்துப்போனது. பழகிய கடையில் கொடுத்தேன். மறுநாளே ஓடவைத்துக் காட்டினார் மெக்கானிக். கைராசிக்காரர், வேலையில் குறை சொல்ல முடியாது. மூடி இன்னும் பூட்டாமல் இருந்ததால் உள்ளே எட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் ரேடியோ கட்டிய பழக்கம். நீல நிற வட்டுக் கெப்பாசிட்டர் (பள்ளியில் எங்களுக்கு அது ‘கோந்தான்சாத்தேர்’) இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் சாதாரண வட்டு ஒன்று இருந்தது. கேட்டேன்.

“அதே வேல்யூதான் சார். 25 வருஷமா இதைத்தான் போடறேன். ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லை.”

மாலையில் கடற்கரையில் இதைச் சொன்னால் நண்பர்கள் எல்லாரும் அவர் பக்கம். “அனுபவஸ்தன் சொல்றான். நீ காலமெல்லாம் பேப்பர் பார்த்த ஆளு, உனக்கென்ன தெரியும்?” என்றார் ஒருவர். அவருக்குத்தான் இந்தப் பதில்.

அந்த நீல வட்டு நிற்கிற இடம் சாதாரண இடமல்ல. ஒரு பக்கம் 230 வோல்ட் வருகிற பகுதி, மறுபக்கம் நாம் கையால் தொடுகிற பகுதி. இரைச்சலை அடக்க இரண்டுக்கும் நடுவே அதைப் போடுகிறார்கள். 2200 பிகோஃபாரட் என்றால் அதன் வழியே கசிவது சுமார் 0.16 மில்லி ஆம்பியர். விரலில் லேசாகச் சுரீர் என்னும், அவ்வளவுதான். ஆனால் அது ஷார்ட் ஆனால் முழு மின்சாரமும் பெட்டியின் தகரத்துக்கும் கேபிள் முனைக்கும் வந்துவிடும். அதனால்தான் அங்கே ஒய் வகை என்று தனியாகச் செய்கிறார்கள். கெட்டாலும் ஷார்ட் ஆகாதபடி அதன் அமைப்பு. அதில் ஒய் 1 என்பதை 8000 வோல்ட் அதிர்ச்சி கொடுத்துச் சோதிக்கிறார்கள். சாதாரண வட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாலும் டிவி ஒரே மாதிரிதான் ஓடும். வித்தியாசம் தெரிவது கெடுகிற நிமிஷத்தில். 25 வருஷமும் அவர் பார்த்தது ஓடுகிற பெட்டியை.

கணக்குப் போடுவோம். ஆயிரம் பெட்டியில் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிவது, ஆபத்து ஆயிரத்தில் மூன்றுக்கு மேல் இருக்காது என்பது மட்டும். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் அவர் ஆயுசில் ஒன்றைக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் ஒரு கோடிப் பெட்டியில் அது ஆயிரம் வீடு.

அப்படியே நடந்தாலும் யார் வந்து அவரிடம் சொல்வார்கள்? படம் தெரியவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவோம். ஷாக் அடித்துப் போனவர் கடைக்கு வந்து கம்ப்ளெயின்ட் கொடுப்பாரா?

பேப்பர் பார்த்த ஆள் என்றாரே நண்பர், ஆமாம், பார்த்தேன். சில வருஷம் மின்விபத்து இழப்பீட்டுக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. கொடிக்கம்பியில் துணி காயப்போட்ட பெண். பம்ப்செட் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றவர். வாக்குமூலத்தில் வீட்டார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இத்தனை நாளும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆனதில்லை. வயரிங் செய்தவர் பெயரை நான் எந்தக் கோப்பிலும் பார்த்த ஞாபகமில்லை. அவருக்குச் சேதி போயிருக்குமா என்பதும் சந்தேகம். ஊரெல்லாம் சிதறிக் கிடந்தவை ஒன்றாகச் சேர்ந்தது ஒரு குமாஸ்தாவின் மேசையில்தான். தர விதிகளையும் இப்படிச் சேர்ந்த கணக்கை வைத்துத்தான் எழுதுகிறார்கள். அதைப் போய் ‘புஸ்தகப் படிப்பு’ என்று கேலி செய்கிறோம்.

எந்த ஐசி அடிக்கடி போகும், எந்த சால்டர் விடும் என்பதில் அந்த மெக்கானிக் சொல்வதே வேதம். நான் வாய் திறக்கமாட்டேன். அதெல்லாம் தினமும் அவர் கண்ணில் படுவது. இது படாதது.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, ஒய் வகை வாங்கிப் போடச் சொன்னேன். சில ரூபாய் சமாச்சாரம். “உங்களுக்காகப் போடறேன் சார்” என்று சிரித்தார். சாமான் வர நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் வீட்டில் சீரியல் இல்லை. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.