ஆப்ப சோடாவும் வேன் வண்டியும்

மாமல்லபுரத்தில் கடலோரம் வேனிலேயே இரண்டு இரவு தங்கினோம். மூன்றாம் நாள் நடுநிசியில் குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படலாமென்று சாவியைத் திருப்பினால், 'டிக்' என்று ஒரு சத்தம், விளக்கும் மங்கிற்று.

"இஞ்சினே போயிற்று!" என்று தலையில் கை வைத்தார் இவர்.

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. அமில ஆவியும் உப்புக் காற்றும் செய்த வேலை! கவ்வியும் தளர்ந்து ஆடியது.

சகோதரிகளே, இப்படி நேர்ந்தால் சாவியை அணைத்துவிட்டு, மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. துடைத்து உலர்த்தி, மைனஸைக் கடைசியாக மாட்டி இறுக்குங்கள். மேலே சிறிது வாஸ்லைன். பிறகும் மங்கினால் பாட்டரிக்குச் சார்ஜ் இல்லை. 12 வோல்ட் பாட்டரி நிறைந்திருந்தால் ஓய்வில் சுமார் 12.6 காட்டும். வேனின் விசிறிக்கும் விளக்குக்கும் தனிப் பாட்டரி இருப்பது உத்தமம்.

அன்று வண்டி ஒரே திருப்பில் கிளம்பிற்று. விடிவதற்குள் குழந்தைக்கு ஜுரமும் தணிந்தது. ஆப்ப சோடா டப்பா இப்போது வேனில்தான் வாசம். ஆப்பம் வேண்டுமென்றால் இவர்தான் எடுத்து வர வேண்டும்!