கைக்கடியாரம் வாங்குவோர்க்கு

நம் தூத்துக்குடியில் தை பிறந்தால் மாப்பிள்ளைக்குக் கைக்கடியாரம் தேடுவோர் பலர். சிறுகச் சேர்த்த பணம் முகப்பின் மினுக்கிலே கரைந்துவிடாதிருக்க, முதலில் பின்மூடியைத் திருப்பிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். அங்கே '30 மீட்டர்' என்று பொறித்திருந்தால், அத்தனை ஆழம் மூழ்கலாம் என்பது பொருளன்று. கைகழுவுகையில் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. நீந்துவோர்க்கு 100 மீட்டர் தகும். இங்கு முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்தாலும் சங்கு குளிப்போர் உளர், அவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 தரமுடைய கடியாரமே ஏற்றது. உப்புக்காற்றிலும் வியர்வையிலும் தோல்வார் நைந்துபோகும். துருப்பிடியா எஃகுப் பட்டை நெடுநாள் உழைக்கும். மின்கலம் மாற்றும்போதெல்லாம், நீர் புகாது காக்கும் ரப்பர் வளையத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அச்சிறு வளையம் இற்றுப்போனால், மூடியில் எத்தனை மீட்டர் பொறித்திருந்தும் பயனில்லை.