ஏழு நாள் முதல்வரும் லெபனான் கணக்கும்

நாம வளர்ந்த காலத்தில் ஊரில் அரசியல் சுலபம். சூரியன், இல்லாவிட்டால் இலை. அடுகோடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கட்சியைக் கேட்பதற்கு முன்னால் லிங்காயத்தா, ஒக்கலிகரா என்று கேட்பதைப் பார்த்தேன்.

2004 தேர்தலில் கர்நாடகாவின் 224 இடங்களில் பாஜக 79, காங்கிரஸ் 65, ஜனதா தளம் (எஸ்) 58. காங்கிரஸ் கூட்டணி 2006-ல் கவிழ்ந்ததும் குமாரசாமியும் எடியூரப்பாவும் ஆளுக்கு 20 மாதம் என்று பேசிக்கொண்டார்கள். ஒக்கலிகர் முதலில், லிங்காயத்து அப்புறம் (யாரும் அப்படிச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்!). குமாரசாமி தன் 20 மாதத்தை முழுசாக ஆண்டார். எடியூரப்பாவுக்குக் கிடைத்தது ஏழே நாள், 2007 நவம்பர் 12 முதல் 19 வரை. புதுசு புதுசாக நிபந்தனை வந்தது, ஆதரவு வரவில்லை. கடன் வாங்கும்போது இருக்கிற பணிவு தவணை கட்டும்போது இருக்காது. எங்கள் வங்கி கவுண்டரில் தினம் பார்க்கிற காட்சிதான்.

லெபனானில் இதே பங்கீடு மத வாரியாக. 1943 ஒப்பந்தப்படி அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா. 1975 மே மாதம் நூருத்தீன் ரிஃபாயின் ராணுவ மந்திரிசபை சில நாளே நின்றது. அடுத்து வந்த கராமியும் சன்னிதான். ஆள் மாறலாம், நாற்காலியின் மதம் மாறாது. இங்கே அப்படி இல்லை. 2008-ல் ஜனதா தளம் (எஸ்) 28-க்கு இறங்கியது, பாஜக 110. லிங்காயத்துகளின் கோபமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கணக்கைத் தீர்த்தது ஓட்டுப்பெட்டி. அதனால் நம்ம ஏழு நாள் கூத்தே மேல் என்பேன்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். லெபனான் பங்கு பிரித்தது 1932 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. அதற்குப் பிறகு அங்கே அதிகாரபூர்வமாக எண்ணவே இல்லை. எண்ணினால் பங்கு மாறிவிடுமே! கர்நாடகாவிலும் 2015-ல் எடுத்த சாதிவாரிக் கணக்கின் அறிக்கை அரசு கைக்கு வந்தது 2024-ல்தான். இரண்டு பெரிய சமூகத்தாரும் எதிர்த்தார்கள், 2025-ல் மறுபடி முதலிலிருந்து.

அப்போது வீட்டுக்கு வந்தவர்களிடம் 60 கேள்வி. எங்கள் தெருவில் நம்மவர்கள் பலர் "வெளியூர்க்காரங்களுக்கு எதுக்குங்க வம்பு" என்று கதவைச் சாத்தினார்கள். முப்பது வருஷமாக இங்கே வரி கட்டுகிறவர் வெளியூர்க்காரரா? பங்கு பிரிக்கிற ஊரில் எண்ணிக்கையில் இல்லாதவனுக்கு இலை போட மாட்டார்கள். 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்போவதாக மத்திய அரசு 2025-லேயே அறிவித்துவிட்டது. அப்போதாவது கதவைத் திறங்க. தாய்மொழி என்று கேட்டால் தமிழ் என்றே சொல்லுங்க, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.