பூட்டிய அலமாரியும் பாடாத தட்டுகளும்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையை அறியாதோர் தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் அரிது. பழைய மின்விசிறி, ஒற்றைக்கால் மேசை, பூச்செடி, ஓடாத கடிகாரம் என எல்லாம் கிடைக்கும் அச்சந்தையில், தார்ப்பாய் விரித்த ஏதேனும் ஒரு மூலையில் கிராமபோன் தட்டுகளும் கிடக்கும். சில மாதங்களுக்கு முன்பு அங்கே ஒரு கட்டு அரக்குத் தட்டுகளைக் கண்டோம். உறைகள் இல்லை. லேபிள்கள் சேற்றில் ஊறி உரிந்து போயிருந்தன. எந்தக் குழுமம், யார் பாடியது என்பதைச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. "முடிச்சூர்ல ஒரு வீட்லேர்ந்து வந்தது சார். வெள்ளத்துல நனஞ்சது. பெரியவர் போய்ட்டாரு, பசங்க எடுத்துக்கினு போகச் சொல்லிட்டாங்க" என்றார் வியாபாரி.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகளையும் மூழ்கடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பெரியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போன்றோரை நன்கு அறிவோம். சேலையூர்ப் பக்கம் ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்கு நாங்கள் ஐந்தாறு முறை சென்றிருக்கிறோம். அன்பானவர். காப்பி கொடுப்பார். எஸ்.ஜி. கிட்டப்பாவின் ஒரு தட்டை, ஒரே ஒரு பக்கம், போட்டுக் காட்டுவார். பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் முகம் மாறிவிடும். "காப்பி குடுக்குற வழக்கமே இல்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார். தட்டு மீண்டும் அலமாரிக்குள் போகும். சாவி இடுப்புக்குப் போகும்.

தப்பாகத்தான் நினைக்கிறோம். அதை வெளிப்படையாகச் சொல்லவே இக்கட்டுரை.

எதைப் பூட்டி வைக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. ஒரு காலத்து நாடக மேடையையே ஆண்ட அக்குரல் இன்று தட்டுகளில் மட்டுமே இருக்கிறது. 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் விரல்களுக்கும் சில தட்டுகளே சாட்சி. கோயம்புத்தூர் தாயி என்ற பாடகியின் தட்டைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ், அதை ஆதாரமாகக் கொண்டு 'ராகமாலிகா' என்ற படைப்பையே உருவாக்கினார். பாரிஸ்காரருக்கு வாய்த்த அந்தக் கேள்வி ஞானம் கோயம்புத்தூர்க்காரருக்கு வாய்க்கவில்லை. தேவதாசி மரபில் வந்த பல பெண்களை நம் இசை வரலாறு ஓரிரு வரிகளில் கடந்துவிட்டது. அவ்வரலாற்றை மறுக்கும் சான்று, ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் மட்டுமே ஓடும் இந்தக் கறுப்புத் தட்டுகளில்தான் உள்ளது. பாட்டு மட்டுமா? நாடக வசனம், நகைச்சுவை உரையாடல், தேசியப் பிரசாரம் எல்லாம் தட்டில் ஏறின. தியடோர் பாஸ்கரனும் ஸ்டீபன் ஹியூஸும் தமிழ் வெகுஜனப் பண்பாட்டைப் பற்றி எழுத முடிந்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

பூட்டி வைப்போர் வழக்கமாக மூன்று வாதங்களை முன்வைக்கிறார்கள்.

முதலாவது, காப்புரிமை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1930களின் தட்டு எதற்கும் அவ்வுரிமை இன்று இல்லை. பாடலாசிரியரின் உரிமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு அது 2033 முடிய நீளும். ஆனால் தியாகராஜரின் கீர்த்தனையைப் பூட்டி வைத்திருப்பவர் யாருடைய உரிமையைக் காக்கிறார்? இவ்விடத்தில் ஒருவரை நினைவூட்ட விரும்புகிறோம். 1930களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஒடியன் தட்டுகளை வெளியிட்ட ஏ.வி. மெய்யப்பன், பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். 1949இல் பாரதியை நாட்டுடைமையாக்க அரசு முன்வந்தபோது, அவ்வுரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். வணிகர் ஒருவர் உரிமையையே விட்டார். நம் ரசிகர்களால் ஒரு பிரதியைக்கூட விட முடியவில்லை!

இரண்டாவது, அருமை போய்விடும் என்பது. பிரதி பரவினால் மூலத்தின் மதிப்புக் குறையும் என்கிறார்கள். தாளில் அச்சான பிறகு எந்த ஓலைச்சுவடியின் மதிப்புக் குறைந்தது? குறையும் என்று அஞ்சுவோர் உண்மையில் நேசிப்பது இசையையா, மற்றவரிடம் இல்லை என்ற நினைப்பையா? இந்தக் கேள்விக்கு அவர்கள் தமக்குத் தாமே விடை சொல்லிக்கொள்ளட்டும்.

மூன்றாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. "நாங்கள் அலைந்து, பணம் செலவழித்துச் சேர்த்ததை ஒருவன் வாங்கிப் போய்த் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான்" என்பது அது. உண்மை. அரிய பதிவின் நடுவே தன் பெயரைக் குரலில் அறிவிப்பவரைக் கேட்டிருக்கிறோம். பாடியவர் பெயரைச் சொல்லாமல் 'பழைய அபூர்வ பாடல்' என்று மட்டும் எழுதிப் பரப்புவோரும் உண்டு. இரைச்சலை நீக்குவதாகச் சொல்லிக் குரலின் கார்வையையும் சேர்த்து நீக்குவார்கள். அக்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுழற்சியில் பதிவானவையல்ல என்று அறியாமல், சுருதி பிறழ ஓடவிடுவார்கள். இதைப் பகிர்தல் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மூலத்தை இருமுறை கொல்வது இது.

எனினும் திருடனுக்குப் பயந்து விதைநெல்லைப் பத்தாயத்திலேயே மக்கவிடுவார் உண்டா? உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி வீடு வீடாக அலைந்த கதை நம் அனைவருக்கும் பாடம். சுவடி தந்தவர்களின் பெயர்களை அவர் தம் பதிப்புகளின் முகவுரையில் நன்றியோடு பொறித்தார். ஓலையைத் தந்தவர் பெயர் ஒரு நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. தராமல் செல்லுக்குக் கொடுத்தவர் பெயரை யாரும் அறியார். பெயர் வேண்டுமெனில் வழி அதுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர்கள் அவரைத் தேடிச் சென்று அவர் தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். அவர் 1992இல் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரு முற்பகலில் போய் வரலாம். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு ஒடியன், யங் இந்தியா தட்டுகளைத் தனியார் சேகரிப்புகளிலிருந்து திரட்டி இலக்கப் பிரதியாக்கியது. அந்தச் சேகரிப்பாளர்களும் அலைந்து சேர்த்தவர்களே. அவர்களால் இயன்றது நம்மால் ஏன் இயலவில்லை?

குற்றம் சாட்டும் நாங்கள் தூயவர்கள் அல்லர். எங்களுள் ஒருவரிடம் நாற்பது தட்டுகள் இருக்கின்றன. 'பிறகு பார்க்கலாம்' என்று ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்தோம். அரக்கு கீழே விழுந்தால் பீங்கான்போல் நொறுங்கும். கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சென்ற மழையில் மூன்று தட்டுகளின் லேபிள்கள் போயின. இரண்டை அடையாளம் காண முடிந்தது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்றிடத்தில் பொறித்த எண் அவற்றில் தெளிவாக இருந்தது. மூன்றாவது தட்டில் ஒரு பெண் பாடுகிறார். யாரென்று தெரியவில்லை. தொடக்ககாலப் பாடகிகள் சிலர் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொன்னதுண்டு. இவர் சொல்லவில்லை. சொல்லியிருந்த காகிதத்தை நாங்கள் தொலைத்தோம். பல்லாவரத்தில் கண்ட கட்டு எங்களைச் சுட்டது இதனால்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதல்ல. தட்டை யாரும் தர வேண்டாம், அது உங்களுடையதே. லேபிள்களை இருபுறமும் ஒளிப்படம் எடுங்கள். பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நெட்டிசைத் தட்டின் ஊசியால் அரக்குத் தட்டை ஓட்டாதீர்கள். அதற்குரிய தடித்த ஊசி வேறு. இரைச்சலோடே பதிவு செய்யுங்கள், சுத்தம் செய்வதைப் பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வார். பக்கவாத்தியக்காரர் பெயர் தெரிந்தால் எழுதிவையுங்கள், பல தட்டுகளில் அவர்கள் பெயரே இல்லை. ஒரு பிரதியை நூலகத்துக்கும் இன்னொன்றை நம்பும் ஒருவருக்கும் கொடுங்கள். உங்கள் பெயரைத் தவறாமல் போடச் சொல்லுங்கள். போடாதவரை நாங்களும் சேர்ந்து கண்டிப்போம்.

எங்கள் நாற்பதையும் பதிவு செய்யத் தொடங்கிவிட்டோம். அந்தப் பெயரற்ற பெண்ணின் பாட்டையும் சேர்த்தே தருகிறோம். கேட்பவர் யாரேனும் அக்குரலை அடையாளம் கண்டு சொல்லக்கூடும். அதே தட்டு, லேபிள் உரியாமல், உங்களில் ஒருவர் அலமாரியில் இருக்கவும் கூடும். திறந்து பாருங்கள்.