ரூபாய்க்குக் காலணா கொடுத்த தஞ்சைக்காரர்கள்

நம் கூட்டங்களில் ரயில் என்று பேச்செடுத்தால் போதும், உடனே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. தனியாரிடம் கொடுத்தால்தான் உருப்படும் என்பார் ஒருவர். அரசாங்கத்தின் கையில் இருந்தால்தான் சிறு வியாபாரிக்குப் பாதுகாப்பு என்பார் இன்னொருவர். கட்டடம் ஒருவருடையதாகவும் கடை நடத்துபவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பது கடைத்தெருவில் நாம் தினமும் காண்பதே. ரயிலிலும் அப்படித்தான். தண்டவாளம் யாருடையது, வண்டியை ஓட்டுபவர் யார், இருவருக்கும் இடையே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கட்சி கட்டுவதில் பயனில்லை.

திருமுல்லைவாயில் வழியாகச் செல்லும் நம் பாதையையே எடுத்துக்கொள்வோம். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது இது. சொந்தக்காரர் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம் என்று அரசாங்கம் அவர்களுக்கு உறுதி கொடுத்திருந்தது. வரவு குறைந்தால் நம் முன்னோர் கட்டிய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவார்கள். நட்டமே வராத கடை ஒன்று நமக்குக் கிடைத்தால் தராசைக்கூடத் துடைக்க மாட்டோம்! அந்தக் கம்பெனியாருக்குச் சிக்கனத்தில் அக்கறை எப்படி வரும்?

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் வேறு வழியில் சென்றார்கள். ஜில்லா போர்டே ரயில் போடுவது என்று முடிவெடுத்து, அதற்கென்று தனி வரி விதித்தது. நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு 3 பை. பன்னிரண்டு பை ஓர் அணா என்ற பழைய கணக்கை அறிந்த பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், அது ரூபாய்க்குக் காலணா. இப்படிக் காலணா காலணாவாகச் சேர்த்த பணத்தின் பலத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894-இல் திறந்தது. பிறகு பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது. நெல் விளையும் பூமியையும் கடலோர ஊர்களையும் ஒரே கயிற்றில் கட்டிய பாதை அது. அதனால் மண்டிக்காரர்களும் பிழைத்தார்கள்.

போர்டு தானே எஞ்சின் வாங்கி ஓட்டக் கிளம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த அளவுக்கு அவர்கள் விவரமானவர்கள். வண்டி ஓட்டும் வேலையை ஒப்பந்தத்தின் பேரில் சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியிடம் விட்டார்கள். பாதை ஜில்லாவுடையது, ஓட்டம் கம்பெனியுடையது. கணக்குக் கேட்கும் உரிமை வரி கொடுத்தவர்களின் போர்டுக்கு இருந்தது. திருநெல்வேலி ஜில்லா போர்டும் 1923-இல் திருச்செந்தூர் வரை இப்படியே பாதை போட்டது.

1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானது. அந்த அறந்தாங்கிப் பாதையும் இன்று அதனுடையதே. அகலப்பாதை வேலைக்காகத் திருவாரூர் – காரைக்குடி மார்க்கம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2019-இல்தான் முழுவதுமாகத் திறந்தது. மாற்றம் தேவையானதே, அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளும் வியாபாரம் இழந்த கடைக்காரர், சொந்தக்காரன் என்ற முறையில் போய்க் கேட்க ஒரு போர்டு இல்லை. மனு கொடுப்பவர் என்ற முறையில்தான் நிற்க வேண்டியிருந்தது.

சொந்தமும் ஓட்டமும் பிரிந்திருந்தாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. மகாராஷ்டிரத்தில் யவத்மாலிலிருந்து மூர்த்திஜாப்பூர் வழியாக அச்சல்பூர் வரை பருத்தி ஏற்றப் போட்ட குறுகிய பாதை ஒன்று உண்டு. சகுந்தலா ரயில்வே என்பார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் அது ஒரு கம்பெனியின் சொத்தாகவே நீடித்தது, வண்டி ஓட்டியது மத்திய ரயில்வே. 1994 வரை அங்கே நீராவி எஞ்சின்தான். பாதையைச் சீர்படுத்த வேண்டியவர் யார் என்ற இழுபறியிலேயே அது நலிந்தது. வாடகைக் கடையில் கூரை ஒழுகினால் என்ன நடக்கும் என்று நமக்கா தெரியாது?

இதை எல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2021 முதல் கதி சக்தி திட்டத்தில் தனியாரும் சரக்கு முனையம் கட்டலாம். வண்டியை ரயில்வே ஓட்டும். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதிய பாதை என்ற பேச்சு 2013 ரயில்வே பட்ஜெட்டிலேயே வந்தது. முழு சரக்கு வண்டி என்றால் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் பிடிக்கும். இருபது மூட்டை பருப்பு எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதில் இடம் எங்கே? செங்குன்றத்து அரிசியானாலும் கோயம்பேட்டுச் சரக்கானாலும் லாரிக்காரர் சொன்ன வாடகைதான் இன்று நமக்குச் சட்டம்.

நம் பக்கத்தில் எந்த முனையம் வந்தாலும், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் சில்லறைச் சரக்குக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். கட்டணப் பட்டியலை வாசலில் தொங்கவிட வேண்டும். ஆவடி மாநகராட்சியும் வணிகர் சங்கங்களும் ஆண்டுதோறும் கணக்கைப் பார்க்க வழி வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். வாடகைச் சீட்டுகளையும் லாரி ரசீதுகளையும் உறுப்பினர்கள் கையோடு எடுத்து வந்தால் விவாதத்துக்கு உதவும்.