இரும்புக் கையை இயக்குவது எது?



லிந்துலையில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு தாய் தம் பத்து வயது மகனையும் ஒரு பழைய சித்திரக்கதைப் புத்தகத்தையும் என் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார். "மவ்லவி, இந்தப் புத்தகத்தாலதான் இவன் கெட்டுப் போறான். அடுப்பில போட்டுடவா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் கையை இழந்து, செயற்கைக் கை பொருத்தியிருக்கும் பெரியவர் ஒருவர் அவர்களது வீட்டைக் கடந்து போவாராம். அவரைப் பார்த்து இவன், "இரும்புக்கை மாயாவி வாராரு!" என்று கூவிச் சிரித்திருக்கிறான்.

அந்தக் கதை எனக்குப் புதிதல்ல. நானும் வாப்பாவுக்குத் தெரியாமல் வாசித்தவன்தான். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் அது. 1972இல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸ், தன் முதல் இதழாகவே அதைத் தமிழில் தந்தது.

"மகன், மாயாவிக்கு என்னென்ன செய்ய முடியும்?" என்று கேட்டேன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும், இரும்பு விரலால் சுடலாம், வாயு பீய்ச்சலாம் என்று மளமளவென்று சொன்னான்.

"அவருக்கு இரும்புக் கை ஏன் வந்தது?" என்றேன். சற்று யோசித்து, "கை போயிட்டுது... ஆய்வுகூடத்தில விபத்து" என்றான்.

"நீ கேலி செய்தவருக்கு?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

சகோதரிகளே, பிள்ளை ஆயுதத்தைப் பார்த்தான், காயத்தைப் பார்க்கவில்லை. அதைக் காட்டிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அதே கதையில் மாயாவி முதலில் அக்கையால் களவும் நாசமும் செய்கிறான். பிறகு திருந்தி நாட்டைக் காக்கும் உளவாளியாகிறான். கை மாறவில்லை, உள்ளம்தான் மாறியது. இரும்பானாலும் சதையானாலும் கை ஓர் அமானிதமே.

கதையில் இழந்த கையின் இடத்தில் ஆயுதம் வந்தது. உண்மை உலகில் நல்லவர்கள் வேறு விதமாய்ச் சிந்தித்தார்கள். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரால் ஒரு செயற்கைக் காலை உருவாக்கினார்கள். அதைக் கொண்டு வெறுங்காலோடு வயலில் நடக்கலாம், குந்தியிருக்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். போரில் காலிழந்த நம் நாட்டவர் பலரும் ஜெய்ப்பூர் காலால் எழுந்து நடந்தார்கள். பிள்ளைகளுக்கு மாயாவியோடு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மின்சாரம் தாக்கினால் மனிதன் மறைவதில்லை; மவுத்தாகிறான். இதை ப்ளக் பொயின்ட் அருகிலேயே பிள்ளையை நிறுத்திக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "புத்தகத்தை எரிக்க வேண்டாம் உம்மா. முதலில் நீங்கள் ஒரு தடவை வாசியுங்கள். பிறகு இவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வையுங்கள். அவரது கையைப் பிடித்துக்கொண்டே கேட்கட்டும்."