தயிர் டப்பா ஏரிக்கும் கலங்கல் வேணும்

போன நவராத்திரிக்குச் சென்னையில மக வீட்டுக்குப் போயிருந்தேன். எங்க வீட்டுல கொலு வைக்கிற வழக்கம் கிடையாது. ஆனா மக குடியிருக்கிற அடுக்குமாடியில எல்லாரும் சேர்ந்து வைக்கிறாங்க. கொலுப்படிக்குப் பக்கத்துல தரையில பார்க்கு, மலை, கிராமம்னு அமைக்கிறது பிள்ளைங்க வேலை. எங்க பேத்திக்குக் கிராமம். நான் கிளம்புறதுக்கு முன்னாடியே போன்ல உத்தரவு வந்துடுச்சு: "தாத்தா, காலி டப்பா எல்லாம் எடுத்துட்டு வாங்க!"

எண்ணெய் கேன், ஊறுகாய் பாட்டில், கொட்டாங்குச்சின்னு ஒரு பை நிறையக் கட்டினேன். மோட்டார் கொட்டாயில பூச்சி மருந்து பாட்டிலும் கலர் கலரா கிடந்தது. அதைத் தொடல. எத்தனை தடவை கழுவினாலும் அதை நம்ப முடியாது. ஊர்ப்பக்கம் இருந்து யார் கொண்டுவந்து கொடுத்தாலும் பிள்ளைங்க கையில கொடுத்துடாதீங்க.

பேத்தி தீப்பெட்டியில வீடு செஞ்சு வைக்கோல் கூரை போட்டா. கொட்டாங்குச்சியில மண்ணு நிரப்பி நான் கொண்டுபோன கேவுரு விதைச்சா. நாலு நாள்ல பச்சைப் பசேல்னு வந்துடுச்சு. நடுவுல முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்கவச்சு, "இதுதான் தாத்தா ஏரி"ன்னா.

அழகாத்தான் இருந்தது. ஆனா எனக்கு மனசு ஒப்பல. "இந்த ஏரி நெறஞ்சா தண்ணி எங்கம்மா போகும்?"னு கேட்டேன். முழிச்சா.

அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து வேற ஏரி செஞ்சோம். ஒரு தயிர் டப்பாவோட விளிம்புல சின்னதா ஒரு வெட்டு, அது கலங்கல். தண்ணி பாட்டிலை நீளவாக்குல அறுத்துச் சாய்ச்சு வச்சோம், அது வாய்க்கால். அதுக்குக் கீழே ஐஸ்கிரீம் டப்பா, அது அடுத்த ஊர் ஏரி. எங்க பக்கத்து ஏரிங்க இப்படித்தான், ஒண்ணு நெறஞ்சா அடுத்ததுக்குக் கொடுக்கும். தண்ணி ஊத்தினோம். மேல் ஏரி நெறஞ்சு கீழ் ஏரிக்குப் போச்சு. பிள்ளைங்க எல்லாம் கைதட்டிச்சுங்க.

அப்ப நான் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வாய்க்கால் நடுவுல வச்சுட்டு மறுபடியும் ஊத்தினேன். தண்ணி கேவுருலயும் தீப்பெட்டி வீட்டுலயும் பூந்துடுச்சு. யாரும் கைதட்டல.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தப்ப, மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது, ஒத்துக்கிறேன். ஆனா மழை விட்ட பிறகும் என் நிலத்துல எட்டு நாள் தண்ணி வடியலையே, அதுக்கு யாரைக் கேக்குறது? கலங்கல் வாய்க்கால் மேல மனைக்கல் நட்டிருக்காங்க. ஒரு ஏக்கர் சம்பா அழுகிப் போச்சு.

மனை வாங்கினவங்களை நான் திட்டல. கோடையில வந்து பார்த்தா அது வாய்க்கால்னே தெரியாது, சும்மா தரிசு மாதிரிதான் கிடக்கும். பச்சை வயலும் கண்ணாடி ஏரியும்தான் கிராமம்னு பார்த்து வளர்ந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனாலதான் சொல்றேன். காலி டப்பாவுல ஊர் செய்யுறது நல்ல விளையாட்டு, காசு செலவில்லை. ஆனா அந்த ஊருல தண்ணி ஓடணும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் மனை பார்க்க வர்றீங்களா? ஐப்பசி, கார்த்திகையில வாங்க. டீக்கடையில உட்கார்ந்திருக்கிற பெரியவர் யாரையாவது, "ஏரி நெறஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?"னு ஒரு வார்த்தை கேளுங்க.

எங்க பேத்தி இப்ப எந்த ஏரியைப் பார்த்தாலும் முதல்ல கலங்கல் எங்கேன்னுதான் தேடுறா.